காலித் தொட்டி என்னும் தவறான பெயர்

நிறைகுடம் தளும்பாது என்பது மூதுரை. நிலத்துக்கு அடியில் புதைக்கப்பட்டிருக்கும் பெட்ரோல் தொட்டிக்கும் இம்மூதுரை ஒருவாறு பொருந்தும். நிறைந்திருக்கும் தொட்டி ஆண்டுக்கணக்கில் அமைதியாகக் கிடக்கிறது. அதிலுள்ள எண்ணெயை இறைத்துவிட்டு, மண்ணைத் தோண்டி, தொட்டியை வெளியே எடுக்க முற்படும்பொழுதுதான் அது ஆட்களைக் கொல்லும் ஆற்றலைப் பெறுகிறது. ஆயினும், தொட்டி காலியாகிவிட்டது என்ற சொல் காதில் விழுந்தவுடன் அங்கு நிற்போர் அனைவருடைய அச்சமும் அகன்றுவிடுகிறது. பீடியைப் பற்றவைப்பவர் பற்றவைக்கிறார்; உள்ளே இறங்குபவர் இறங்குகிறார். காலி என்ற அச்சொல்லே விபத்துக்கு முதற்காரணம் என்பதும், அதனை மாற்றாமல் வேறு எவ்வளவு விதிகள் வகுத்தாலும் அவை முழுப் பயன் தரமாட்டா என்பதும் எமது கருத்து.

நம் நாட்டில் இன்று ஏறத்தாழ ஒரு லட்சம் பெட்ரோல் விற்பனை நிலையங்கள் இருக்கின்றன. வாகனங்கள் வந்து நிற்கும் தளத்தின் அடியில் எஃகுத் தொட்டிகள் புதைந்துள்ளன என்பதை எண்ணெய் நிரப்ப வருவோர் பெரும்பாலும் நினைப்பதில்லை. இத்தொட்டிகள் நிலையானவை அல்ல. எஃகு துருப்பிடிக்கிறது, பழந்தொட்டியை எடுத்துவிட்டுப் புதியது பதிக்க வேண்டியிருக்கிறது. சாலைகள் விரிவடையும்பொழுது ஓரத்திலுள்ள நிலையங்கள் இடம்பெயர வேண்டியும் வருகிறது. கேரளத்தில் காசர்கோடு மாவட்டம் முதல் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம் வரை தேசிய நெடுஞ்சாலை 66 ஆறு வழிச் சாலையாக விரிவாக்கப்படுவதை யாவரும் அறிவர். இத்தகைய பணிகளின்போது எண்ணெய்த் தொட்டிகளைத் தோண்டியெடுக்கும் வேலை அன்றாட வேலைகளுள் ஒன்றாகிவிடுகிறது. அவ்வேலைக்கு வருவோர் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்தும், வங்காளம், ஒடிசா, அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர். அவர்களை ‘அதிதி தொழிலாளிகள்’, அதாவது விருந்தினராகிய தொழிலாளர், என்று கேரள அரசு வழங்குகிறது. விருந்தினரின் உயிரைக் காப்பது வீட்டுக்காரரின் கடமை அல்லவா?

ஒரு லிட்டர் செய்யும் வேலை

பெட்ரோல் என்னும் திரவம் தானாக எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவியே காற்றுடன் கலந்து எரிகிறது. அவ்வாவி எழுவதற்கு வெப்பம் தேவையில்லை. பூஜ்யத்துக்கும் கீழே ஏறத்தாழ 40 டிகிரி சென்டிகிரேடு குளிரிலேயே தீப்பற்றத்தக்க அளவு ஆவியைப் பெட்ரோல் வெளிவிடும். எனவே திருவனந்தபுரத்தில் எந்த மாதத்திலும், எந்த நள்ளிரவிலும், அது ஆவியாகிக்கொண்டேயிருக்கும்.

காற்றில் இவ்வாவி நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 பங்குக்குக் குறைவாக இருப்பின் தீப்பற்றாது. 7.6 பங்குக்கு மிகுந்து இருப்பினும், எரிவதற்குப் போதிய பிராணவாயு இன்மையால் தீப்பற்றாது. இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட நிலையே வெடிநிலை. எண்ணெய் நிறைந்த தொட்டியில் எஞ்சியிருக்கும் சிறு வெளியில் ஆவி மேல் எல்லையைக் கடந்து அடர்ந்து நிற்கிறது. எண்ணெயை இறைக்கும்பொழுது வெளிக்காற்று உள்ளே புகுகிறது, ஆவி நீர்த்துப்போகிறது, கலவை வெடிநிலையை நோக்கி இறங்குகிறது. ஆகவே நிறைந்த தொட்டியைக் காலித் தொட்டி ஆக்குவதென்பது பல வேளைகளில் வெடிக்காத பொருளை வெடிக்கும் பொருளாக மாற்றுவதேயாகும்.

இதற்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? 20,000 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 1.4 சதவீதம் என்பது 280 லிட்டர் ஆவி. அவ்வளவு ஆவியைத் தருவதற்கு ஒரு லிட்டருக்குச் சற்று மிகுதியான பெட்ரோலே போதுமென்று கணக்கிட்டு அறியலாம். பம்பின் உறிஞ்சுகுழாய் தொட்டியின் அடிமட்டம் வரை எட்டுவதில்லை. அது விட்டுவைக்கும் எண்ணெயும், அடியில் தங்கிய கசடும், சுவரில் ஒட்டிய துருப் பொருக்கில் ஊறியிருக்கும் எண்ணெயும் சேர்ந்தால் இதைப்போல் பன்மடங்காகும். துருப் பொருக்கு தான் குடித்த எண்ணெயை ஒரே தடவையில் விட்டுவிடுவதில்லை. வெயில் ஏற ஏற மெல்ல மெல்ல விடுகிறது. காலை எட்டு மணிக்குச் சோதித்து அபாயமற்றது என்று கூறப்பட்ட தொட்டி நண்பகலில் வெடிநிலையை அடைவது இதனாலேயே.

டீசல் தொட்டியாயின் அஞ்ச வேண்டுவதில்லை என்று கருதுவதும் பிழை. நம் நாட்டுத் தர அளவின்படி டீசலின் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையலாகாது, அவ்வளவே. வெயிலில் கிடக்கும் எஃகு அந்த வெப்பத்தை எளிதில் கடந்துவிடும். வெட்டுக்கருவியின் சுவாலை பட்டால் அடிக்கசடும் ஆவியாகும். பெட்ரோல் தொட்டியின் அடியில் தேங்கிய நீரை வெறும் நீர் என்று எண்ணுவதும் இனிப் பொருந்தாது. இந்நாளில் விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்க்கப்படுகிறது. மழைநீர் உட்புகுந்தால் எத்தனால் பெட்ரோலை விட்டு நீருடன் கலந்து அடியில் சேர்கிறது. அந்நீரும் தீப்பற்றக்கூடும்.

சொல் ஒன்று தந்த பாடம்

இவ்வுண்மையை முதன்முதல் மொழியின் வழியாகக் கண்டுரைத்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்க நாட்டைச் சேர்ந்த பெஞ்சமின் லீ வோர்ஃப் (1897–1941) இரசாயனப் பொறியியல் பயின்றவர். ஹார்ட்ஃபோர்டு நகரிலிருந்த தீ இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி ஒன்றில் தீத்தடுப்பு அலுவலராகப் பணியாற்றியவர். ஓய்வு நேரத்தில் மொழியியலை ஆராய்ந்து புகழ்பெற்றார். பெட்ரோல் பீப்பாய்கள் அடுக்கியுள்ள இடத்தில் மக்கள் எச்சரிக்கையுடன் நடந்துகொள்வதையும், ‘காலிப் பீப்பாய்கள்’ உள்ள இடத்தில் தாராளமாகப் புகை பிடிப்பதையும் அவர் தம் அலுவலில் கண்டார். உண்மையில் பின்னவையே மிகுந்த அபாயம் உடையவை. காலி என்ற சொல் ஒன்றும் இல்லை என்னும் எண்ணத்தை எழுப்பி, கண்ணுக்குத் தெரியாத ஆவியை மறைத்துவிடுகிறது என்று அவர் விளக்கினார். மொழிக்கும் மனப்போக்குக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய அவரது கொள்கையை அறிஞர் பலர் மறுத்துள்ளனர். ஆனால் பீப்பாயைப் பற்றி அவர் கூறியதை எந்தத் தீயணைப்பு அலுவலரும் மறுக்கமாட்டார்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ‘ஹாட் ஒர்க்’ என்னும் ஆங்கிலத் தொடர், வெல்டிங், எரிவாயுவால் வெட்டுதல், சாணை பிடித்தல் முதலாகத் தீப்பொறி எழுப்பும் எல்லா வேலைகளையும் குறிக்கும். அதனைச் ‘சூடான வேலை’ என்று பெயர்த்தால் படிப்பவர் என்ன விளங்கிக்கொள்வார்? ‘கன்ஃபைன்டு ஸ்பேஸ்’ என்பதனை ‘வரையறுக்கப்பட்ட இடம்’ என்று எழுதினால் சொல்லுக்குச் சொல் சரியாகலாம். மூச்சு முட்டும் இடம் என்ற அச்சம் அதில் எழவில்லை. யாமும் இத்தகைய தொடர்களை எழுதிக் கடமை முடிந்தது என்று இருந்ததுண்டு. ஆங்கிலத்திலும் இக்குறை இல்லாமலில்லை. ‘இன்ஃப்ளேமபிள்’ என்ற சொல்லின் முதலெழுத்துக்களை எதிர்மறை என்று கொண்டு, தீப்பற்றாதது எனச் சிலர் பொருள்கொள்ளக்கூடும் என அஞ்சி, அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1920களிலேயே ‘ஃப்ளேமபிள்’ என்ற வடிவத்தை வற்புறுத்தலாயிற்று. ஆகவே சொல்லைத் திருத்துவது பண்டிதர் வேலை மட்டுமன்று. உயிர் காக்கும் வேலையுமாகும்.

உள்ளே இறங்குவோர் கதி

வெடிப்பு ஒரு வகை அபாயம். மூச்சுத் திணறல் மற்றொரு வகை. வெளிக்காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 20.9 பங்கு உளது. 19.5 பங்குக்குக் குறைந்த இடத்தில் தகுந்த சுவாசக் கருவியின்றி நுழைதல் ஆகாது என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் நெறி. பத்துப் பங்குக்கும் கீழே சென்றால் மனிதன் விரைவில் நினைவிழக்கிறான். தான் நினைவிழக்கப்போவதை அவன் உணர்வதுமில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. ஆகவே அது தொட்டியின் அடியிலும், தோண்டிய குழியின் அடியிலும் தேங்குகிறது. காற்றை மேலே தள்ளிவிடுகிறது. அதிலுள்ள பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கவல்லது. 2025ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் பெட்ரோலையே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துள்ளது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாட்டில் ஈயம் சேர்க்காத பெட்ரோலே விற்கப்படுகிறது. அதற்கு முன்பு பதிக்கப்பட்ட தொட்டிகளின் கசட்டில் ஈயச் சேர்மங்கள் எஞ்சியிருக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

மூடிய தொட்டிகளில் நேர்ந்த துயரங்கள் நமக்கு அண்மையிலேயே உள்ளன. 2018 பிப்ரவரி 13 அன்று கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் பழுது பார்க்கப்பட்டுவந்த ‘சாகர் பூஷண்’ என்னும் துரப்பணக் கப்பலின் நீர்த்தொட்டிப் பகுதியில் வெடிப்பு ஏற்பட்டு ஐந்து தொழிலாளர் இறந்தனர். வெட்டுவேலைக்குப் பயன்படும் அசிட்டிலின் வாயு கசிந்து தேங்கியதே காரணம் எனக் கருதப்பட்டது. 2022 டிசம்பர் 27 அன்று சென்னைத் தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்கில் எத்தனால் தொட்டி ஒன்றில் பணி நடந்தபொழுது வெடிப்பு நேர்ந்து ஒரு தொழிலாளி உயிரிழந்தார். கப்பலின் நீர்த்தொட்டி வேறு, பெட்ரோல் தொட்டி வேறு எனினும், அடைபட்ட வெளியும் அதில் தேங்கிய ஆவியும் எங்கும் ஒன்றே.

காப்பாற்றச் சென்றவரும் மாள்வது இவ்விபத்துக்களின் தனித்தன்மை. கோழிக்கோட்டில் 2015 நவம்பரில் கழிவுநீர்க் குழியினுள் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர் இருவர் நினைவிழந்தனர். அவ்வழியே வந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் அவர்களை மீட்க இறங்கினார். மூவரும் மீளவில்லை. இடுக்கி மாவட்டம் கட்டப்பனையில் 2025 செப்டம்பர் இறுதியில், கழிவுத் தொட்டியைத் துப்புரவு செய்ய இறங்கியவரைத் தொடர்ந்து அவரைத் தூக்கச் சென்றவர்களும் மயங்கினர். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த மூவர் மாண்டனர். கருணையே இங்கு காலனாகிறது. ஒருவர் விழுந்தால் மற்றவர் கயிற்றை இழுக்கலாம், காற்றைச் செலுத்தலாம், 101 அல்லது 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். சுவாசக் கருவி இன்றி இறங்குதல் மட்டும் கூடாது. இதனைத் தொழிலாளருக்கு வேலை தொடங்கும் முன்பே சொல்லி வைத்தாலன்றி, விபத்து நேர்ந்த கணத்தில் அவர்கள் கேட்கமாட்டார்கள். நல்ல மனம் உடையவர் எவரும் கேட்கமாட்டார்.

செய்ய வேண்டியவை

தொட்டியை அபாயமின்றி எடுக்கும் முறை மறைபொருள் அன்று. அமெரிக்காவில் 1980களின் நடுவிலிருந்து 18 லட்சத்துக்கும் மேற்பட்ட நிலத்தடித் தொட்டிகள் மூடப்பட்டுள்ளன. அவ்வனுபவத்தில் நெறிகள் தெளிவுபட்டுள்ளன. முதற்கண், தொட்டியுடன் இணைந்த குழாய்களை வடித்துப் பிரிக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பிறகு எஞ்சிய எண்ணெயையும் கசட்டையும் வெளியிலிருந்தே இறைக்க வேண்டும். இறைக்கும் குழாயும் கருவியும் தொட்டியுடனும் நிலத்துடனும் கம்பியால் இணைக்கப்பட்டிருத்தல் இன்றியமையாதது. இல்லையேல், குழாயில் எண்ணெய் விரைந்து ஓடுவதாலேயே நிலைமின்சாரம் திரண்டு பொறி எழுப்பும்.

அடுத்து, ஆவியை அகற்றுதல். காற்றைச் செலுத்தி ஆவியைக் கீழ் எல்லைக்கும் வெகு கீழே கொண்டுவருவது ஒரு முறை. உலர் பனிக்கட்டியாகிய உறைந்த கரியமிலவாயுவையோ நைட்ரஜனையோ இட்டுப் பிராணவாயுவை வெளியேற்றுவது மற்றொரு முறை. இரண்டாம் முறையில் தொட்டி வெடிக்காது. ஆனால் அதனுள் தலையை நீட்டுபவர் உயிர் பிழைப்பதரிது. வெடிக்காது என்பது வேறு, மூச்சு விடலாம் என்பது வேறு. இவ்வேறுபாட்டை அறியாதவரை அவ்விடத்தில் நிறுத்தலாகாது.

மூன்றாவது, சோதனை. முதலில் பிராணவாயுவையும் பின்னர் எரிவாயுவையும் அளக்க வேண்டும். பிராணவாயு குறைந்த இடத்தில் எரிவாயு அளவி பொய் கூறக்கூடும். மேல், நடு, அடி என மூன்று மட்டங்களில் அளக்க வேண்டும். குழியிலும் அளக்க வேண்டும். வேலை நீடிக்கும் வரை இடையிடையே மீண்டும் அளக்க வேண்டும். கீழ் எல்லையில் ஐந்தில் ஒரு பங்கையேனும் ஆவி எட்டினால் வேலையை நிறுத்துவது பல நாடுகளில் வழக்கம்.

மழை மிகுந்த இந்நகரில் மேலும் ஓர் அபாயம் உண்டு. இடவப்பாதியும் துலாவர்ஷமும் என ஆண்டில் இருமுறை மழைக்காலம் வருகிறது. நிலத்தடி நீர் மேலெழுகிறது. 20,000 லிட்டர் தொட்டி நீரில் மூழ்கினால் ஏறத்தாழ 20 டன் நீரை விலக்கும். காலியான எஃகுத் தொட்டியின் எடையோ சுமார் மூன்று டன் மட்டுமே. மேலிருந்த தளத்தையும் மண்ணையும் அகற்றியவுடன் அது மரக்கலம்போல் மேலே எழும்பி, குழியில் நிற்பவரை நசுக்கிவிடக்கூடும். நனைந்த மண்சுவர் சரிவதும் எளிது. ஒரு கன மீட்டர் ஈர மண் இரண்டு டன் வரை எடை உடையது. ஆகவே மழை நாட்களில் தோண்டாமை நன்று. தோண்ட நேர்ந்தால் நீரை இறைத்துக்கொண்டும், சுவருக்கு முட்டுக் கொடுத்தும் தோண்ட வேண்டும். கிரேன் தூக்கும்பொழுது தொட்டியின் கீழோ பக்கத்திலோ எவரும் நிற்கலாகாது.

தொட்டி லாரியில் ஏறியவுடன் அபாயம் தீர்ந்துவிடுவதில்லை. அது பழைய இரும்பு வியாபாரியின் முற்றத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கு எரிவாயு வெட்டுக்கருவியுடன் ஒருவர் அதனை அணுகுகிறார். அது எதனை வைத்திருந்த தொட்டி என்பதை அவருக்கு யாரும் கூறியிருக்கமாட்டார்கள்.

சட்டமும் மொழியும்

சட்டம் இல்லை என்று கூற இயலாது. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டமும் 2002ஆம் ஆண்டின் பெட்ரோலியம் விதிகளும் உள்ளன. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அவற்றை நிறைவேற்றுகிறது. பெட்ரோலியம் இருந்த கலத்தை, அதனையும் அதன் ஆவியையும் அகற்றுவதற்கு வேண்டிய முன்னெச்சரிக்கைகளை மேற்கொள்ளாமல் பழுது பார்த்தலாகாது என்பது விதி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தனது 36ஆம் பிரிவில், நச்சு ஆவி தேங்கக்கூடிய அறையினுள் எவரையும் புகவிடுவதற்குச் சோதனையின் பேரில் எழுதப்பட்ட சான்றையோ, சுவாசக் கருவியையும் வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றையோ வேண்டியது. அச்சட்டம் முதலியவற்றை ஒன்றுசேர்த்த 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டத்தின் பெயரும் பிரிவின் எண்ணும் மாறலாம். ஆவியின் இயல்பு மாறாது.

குறை எங்கே உளது? சட்டம் அலுவலகத்தில் இருக்கிறது. சான்று ஒப்பந்தக்காரரின் பையில் இருக்கிறது. தொழிலாளி குழியில் இருக்கிறார். இம்மூன்றும் ஓரிடத்தில் சந்திப்பதில்லை. இதற்கு மூன்று வழிகளைக் கூற விரும்புகிறோம்.

ஒன்று, ‘காலி’ என்ற சொல்லைத் தொட்டியைப் பொறுத்தவரை விலக்கிவிடுவது. எண்ணெய் இறைத்த தொட்டி ‘ஆவித் தொட்டி’ என்றே வழங்கப்பட வேண்டும். அச்சொல் அதன் இருபுறமும் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும். இரும்பு வியாபாரியின் முற்றம் வரை அது அழியாதிருக்க வேண்டும். மலையாளத்திலும் இந்தியிலும் வங்காளியிலும் ஒடியாவிலும் அஸ்ஸாமியிலும் இவ்வாறே எளிய சொற்களை அவ்வம்மொழியினர் அமைக்கலாம்.

இரண்டு, சோதனையின் முடிவை எழுதிய பலகை குழியின் வாயில் தொங்க வேண்டும். அதில் சோதித்த மணி குறிக்கப்பட வேண்டும். வேலை செய்வோரின் மொழியில் அது உரக்கப் படித்துக் காட்டப்பட வேண்டும். எழுத்தறியாதவர் பலர் இருக்கையில் பன்மொழிப் பலகையால் என்ன பயன் என்று வினவுவோர் உளர். எழுத்தறியாதவருக்குக் காது உண்டு. படித்துக் காட்டினால் கேட்பார். கேட்டது விளங்கிற்றா என்று அவரையே திருப்பிச் சொல்லச் செய்தால் ஐயம் முழுவதும் நீங்கும்.

மூன்று, தொட்டியினுள் ஆள் இறங்குவதைத் தவிர்ப்பதே விதியாகவும், இறங்குவது அரிய விலக்காகவும் இருத்தல் வேண்டும். நிலத்தடித் தொட்டியைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே துப்புரவு செய்ய இயலும்.

இவற்றுக்கு நேரமும் பணமும் செலவாகும் என்ற மறுப்பு நேர்மையானது, அதனைத் தட்டிக்கழித்தலாகாது. ஆவி நீக்கவும் சோதிக்கவும் அரை நாளோ ஒரு நாளோ ஆகும். குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்த சிறு ஒப்பந்தக்காரர் அந்த நாளைத் தம் கைப்பணத்திலிருந்து ஈடுசெய்ய மாட்டார். அவரை மட்டும் பழிப்பதும் நீதியன்று. ஆகவே ஆவி நீக்கலும் சோதனையும் டெண்டரில் தனிக் கூலியுடன் தனி இனமாகச் சேர்க்கப்பட வேண்டும். அச்செலவைத் தொட்டியின் உடைமையாளர் ஏற்க வேண்டும். தொட்டி பல ஆண்டுகளாக ஈட்டித் தந்த இலாபத்தில் அதன் கடைசி நாளின் செலவு மிகச் சிறு பகுதியே.

சில லிட்டர் எண்ணெய், ஒரு தவறான சொல், ஒரு தீப்பொறி ஆகிய இவ்வளவே ஒரு குடும்பத்தை அநாதையாக்கப் போதுமானவை. எண்ணெயை முற்றும் அகற்றுவது கடினம். பொறியை முற்றும் தடுப்பதும் கடினம். சொல்லை மாற்றுவது நம் கையில் உளது. அதிலிருந்தே தொடங்குவோமாக.